பெயின்ட் அடிக்க வந்த தரகர்

அத்தியாயம் 5

ரேடியோவுக்கு வீடு பார்க்கப் போவதென்றால் கொள்ளை ஆசை. வாங்கத்தான் வக்கில்லையே தவிர, பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுத் தரகர்களுக்கு உரிமம் கொடுக்கும் வாரியத்தில் அவன் உதவியாளராகச் சேர்ந்ததே அதற்காகத்தான் என்று அவன் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் இரவு தூங்கப் போகும்போதுதான் வாயை மூடுவான். அலுவலகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த ரேடியோவை நிறுத்தும் குமிழ் விசாரணை அதிகாரியின் கையில் இருந்தது. ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாளுக்குத் தரகர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பல்லி மேடம். ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார், ஆள் இருப்பதே தெரியாது, பூச்சி பக்கத்தில் வந்ததும் லபக்கென்று பிடித்துவிடுவார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "கரப்பான்பூச்சின்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று அதோடு விட்டுவிட்டார்.

"தேன்வாய் இன்னைக்கு வசமா மாட்டப் போறாரு மேடம்" என்றான் ரேடியோ, தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கிக்கொண்டே. "பெயின்டர் வேஷமாமே! என்ன ஒரு மூளை."

"மாட்டினதுக்கு அப்புறம் சந்தோஷப்படலாம். இப்ப நீ என் தம்பி. நான் உன் அக்கா. வீடு பார்க்க வந்திருக்கோம். அளவாப் பேசு."

"அளவாப் பேசினா நான் உங்க தம்பின்னு யாரு நம்புவாங்கக்கா?"

தேன்வாய் என்றால் ஒரு காலத்தில் தரகு உலகமே எழுந்து நிற்கும். ஜன்னலே இல்லாத அறையைக் காட்டி, "பகல்லகூட நிம்மதியாத் தூங்கலாம் சார்" என்று விற்றவர். ரயில் பாதையை ஒட்டிய வீட்டை, "உங்களுக்குக் கடிகாரச் செலவே இல்ல" என்று விற்றவர். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் ராஜாவாக இருந்திருப்பார். ஒரே வீட்டைக் காட்டி மூன்று குடும்பங்களிடம் அட்வான்ஸ் வாங்கினார். மோசடி வழக்கு, தண்டனை, சிறை. தீர்ப்பு வந்த கையோடு வாரியமும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டது.

தண்டனை முடிந்து வெளியே வந்தவர், உரிமத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டிருந்தார். நாளை மறுநாள் அதன் மேல் முடிவு. அதுவரை ஒரே நிபந்தனை. வீடு காட்டக் கூடாது, விலை பேசக் கூடாது, விற்பதற்காக வாயே திறக்கக் கூடாது. மீறினால் மனு குப்பைக் கூடைக்குப் போகும், ஆயுசுக்கும் இன்னொரு மனுப் போட முடியாது.

நேற்றுக் காலை அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேர் சொல்லாத ஆண் குரல். "வெளிர்பச்சைக் கட்டடம், இரண்டாவது மாடி. நாளைக்குப் பதினோரு மணிக்கு வீடு வாங்கறவங்க மாதிரிப் போங்க. தேன்வாய் பெயின்டர் வேஷத்துல நின்னு வியாபாரம் பண்றதைக் கண்ணால பார்க்கலாம்." அந்த வீட்டுக்குத் தரகர் யார் என்று விசாரித்தால், தேன்வாயின் மனைவிக்குத் தம்பி. மாமா உள்ளே போன பிறகு மாமாவின் அலுவலகம், மேஜை, நாற்காலி, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட மைத்துனன். சொந்தமாக உரிமமும் வைத்திருந்தான். ரேடியோ போன் போட்டு, வீடு பார்க்க வருகிறோம் என்று சொன்னதும் தேனாய்ப் பேசினான். "புத்தம் புது வீடு சார். இன்னும் ஒருத்தர்கூடக் குடி வந்ததில்ல."

வெளிர்பச்சைக் கட்டடத்தின் வாசலில் அவனே நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தலைக்கு மேல் கறுப்புக் கண்ணாடி, விரலில் சுழலும் சாவிக்கொத்து.

"வாங்க சார், வாங்கக்கா. நேரா மேல போங்க, கதவு திறந்துதான் இருக்கு. எனக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கு. உள்ள பெயின்ட் அடிக்கிறவர் எங்க மாமாதான். எது வேணாலும் அவரையே கேளுங்க. வீட்டைப் பத்தி என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

படியேறும்போது ரேடியோ உருகிப்போனான். "எவ்வளவு தங்கமான மனுஷன் பாருங்க. போன வருஷம் நான் வீடு பார்க்கப் போனப்ப ஒரு தரகர் என் சம்பளம், என் பெண்டாட்டி சம்பளம், மாமியாருக்கு பென்ஷன் வருதான்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் கதவையே திறந்தாரு. இவர் ஒரு வார்த்தை கேட்கலையே!"

"ஆமாம். கேட்கலை" என்றார் அதிகாரி. இரண்டு படி ஏறிவிட்டு, "புத்தம் புது வீட்டுக்கு எதுக்கு பெயின்ட், ரேடியோ?" என்றார்.

"வேஷத்துக்குத்தான் மேடம்."

"அக்கான்னு சொல்லு."

கூடத்தில் ஒன்றும் இல்லை. பெயின்ட் வாசனை மட்டும் இருந்தது. படுக்கையறையில், ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டிருந்தார் தேன்வாய். வாரியத்தில் இருந்த போட்டோவைவிட இளைத்திருந்தார், முடி பாதி போயிருந்தது. மூன்று சுவர்கள் அடித்து முடித்துப் பளிச்சென்று இருந்தன. ஜன்னல் இருந்த நான்காவது சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய தார்ப்பாய் தொங்கியது. அவர் அந்தச் சுவருக்கு முன்னால்தான் ஏணியைப் போட்டிருந்தார், ஆனால் தார்ப்பாயைத் தொடாமல் ஏற்கெனவே அடித்த பக்கத்துச் சுவரையே இன்னொரு தடவை தடவிக்கொண்டிருந்தார்.

ரேடியோ அக்காவின் காதில் கிசுகிசுத்தான். "பார்த்தீங்களா? அடிச்ச இடத்துலயே அடிக்கிறாரு. பெயின்டிங்கே தெரியல. சுத்த வேஷம்."

அதிகாரி கண்ணாலேயே அறையைச் சுற்றிக் காட்டினார். ஸ்விட்ச் போர்டு மூடிகள் எல்லாம் கழற்றப்பட்டு, அவற்றின் ஸ்க்ரூக்கள் ஒரு தகர மூடியில் பத்திரமாகக் கிடந்தன. ஜன்னல் சட்டத்தின் ஓரமெல்லாம் நேர்த்தியாகக் காகித டேப் ஒட்டியிருந்தது. "வேஷக்காரன் ஸ்க்ரூ கழற்றுவானா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பல்லியாகிவிட்டார்.

இனி மேடை ரேடியோவுக்கு. அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. தரகனுக்கு எதைப் பொறுத்தாலும் வீட்டைக் குறை சொன்னால் பொறுக்காது. குறை சொன்னால் பதில் வரும், பதில் வந்தால் வியாபாரப் பேச்சு, வியாபாரப் பேச்சு வந்தால் ஆள் அம்பேல்.

"என்னக்கா இது, பெட்ரூமா? நான் காலை நீட்டிப் படுத்தா விரல் பக்கத்து வீட்டுல இருக்கும் போலிருக்கே!"

ஏணி மேல் பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"ஜன்னலைத் திறந்தா நேரா எதிர் வீட்டு பாத்ரூம். நல்ல காட்சி! யாராவது வந்தா டிக்கெட் போடலாம்."

தேன்வாயின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்ட ஏதோ ஒன்றை அவர் விழுங்குவது ரேடியோவுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மனுஷனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் வேலை வேலைதானே.

"ரெண்டு மாடி ஏறி வர்றதுக்குள்ள மூச்சு முட்டுது. இந்த வீட்டுக்கு சாவி கொடுக்கும்போது கூடவே ஆக்சிஜனும் கொடுப்பாங்களாக்கா?"

தேன்வாய் ஒரு படி மேலே ஏறினார். பிரஷ் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை அரும்பியது. அக்கா வாளியில் இருந்தபடியே கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க பெரியவரே? தம்பி சொல்றது சரியா?"

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "நான் பெயின்டரும்மா. சுவரைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

ரேடியோவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. சமையலறையைத் திட்டினான், தரையைத் திட்டினான், பால்கனி துண்டு காயப்போடத்தான் லாயக்கு என்றான். ஏணியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோனது. வேறு வழி தெரியாமல் அப்படியே பிளேட்டைத் திருப்பினான்.

"சரிக்கா. குறை இல்லாத வீடு எங்க இருக்கு? எனக்குப் பிடிச்சுப்போச்சு. இன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்துடுவோம்." போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். "இருங்க, இப்ப இருக்கிற வீட்டு ஓனருக்கு இப்பவே சொல்லிடறேன். இந்த மாசமே காலி பண்றோம்னு."

ஏணி ஆடியது. தேன்வாய் இறங்கி வந்த வேகத்தில் ஒரு படியைத் தாண்டியே குதித்துவிட்டார்.

"சார், அந்த போனைக் கீழ வைங்க."

ரேடியோவின் இதயம் துள்ளியது. மாட்டினார்!

"வாங்காதீங்க" என்றார் தேன்வாய். "இந்த வீட்டை வாங்காதீங்க. இருக்கிற வீட்டையும் காலி பண்ணாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரேடியோ வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தேன்வாய் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வெள்ளைச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, அழகான எழுத்தில் 'தையல் மெஷின்' என்று எழுதியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று ஒரு அம்புக்குறி வேறு. அதே கட்டத்தின் மேலேயே சிவப்புப் பென்சிலில் இன்னொரு கட்டம். கோணல் எழுத்தில் 'தொட்டில்'. பக்கத்தில் யாரோ சந்தோஷத்தில் ஒரு சின்னக் குழந்தை முகத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள்.

"வீடு பார்க்க வர்றவங்க அளவு டேப் எடுத்துட்டு வர மாட்டாங்க சார். அட்வான்ஸ் கொடுத்து, வீடு நம்மளதுன்னு ஆனப்புறம்தான் அளப்பாங்க. எந்தச் சாமான் எங்க வைக்கலாம்னு சுவர்ல கோடு போடுவாங்க. இங்க ரெண்டு குடும்பம் அளந்திருக்கு. காலையில மாப்பிள்ளை, 'மாமா, பதினோரு மணிக்குள்ள இந்த ரூமை அடிச்சு முடிச்சுடுங்க'ன்னு சொன்னாரு. மூணு சுவரை அடிச்சேன். இந்தச் சுவர் முன்னாடி வந்து நின்னா கை வரல."

அதிகாரி வாளியிலிருந்து எழுந்து சுவரருகே வந்தார். "ஒரே இடத்துல தையல் மெஷினும் நிக்காது, தொட்டிலும் ஆடாது" என்றார். "உங்களுக்கு எப்படிப் பார்த்ததும் புரிஞ்சுது?"

"நான் பண்ணினது இதேதான்மா. அப்ப இந்த மாதிரிக் கோட்டையெல்லாம் நானே ஈரத்துணியால துடைச்சேன்." சுவரில் இருந்த குழந்தை முகத்தைப் பார்த்தார். "என்கிட்ட ஏமாந்ததுல ஒரு குடும்பம், சாமான் ஏத்தின லாரியோடயே வந்து வாசல்ல நின்னுச்சு. உள்ள வேற ஆளுங்க. அந்த அம்மா லாரிக்காரர்கிட்ட, கொஞ்சம் இருங்க, தரகர் வந்து சொல்லிடுவாரு, வந்து சொல்லிடுவாருன்னு சாயங்காலம் வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்களாம். நான் போகவே இல்ல. கோர்ட்ல லாரிக்காரர் சாட்சி சொன்னப்பதான் எனக்கு இது தெரியும். தீர்ப்பைவிட அதுதான் வலிச்சுது."

ரேடியோவுக்கு வெட்கமாக இருந்தது. டிக்கெட் ஜோக்கெல்லாம் திரும்பி வந்து அவன் கன்னத்திலேயே அறைந்தது போல் இருந்தது.

அதிகாரி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். தேன்வாய் அதைப் படிக்கக்கூட இல்லை.

"தெரியும்மா. வீடு வாங்க வர்றவங்க வந்ததும் முதல் வேலையா ஒரு குழாயையாவது திறந்து பார்ப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு குழாயைக்கூடத் தொடல."

பல்லி மேடம் அசந்துபோனதை ரேடியோ அன்றுதான் பார்த்தான். "வாரியத்து ஆளுங்கன்னு தெரிஞ்சுமா வாங்காதீங்கன்னு சொன்னீங்க?"

"முக்கால்வாசிதான் தெரியும். மிச்சக் கால்வாசியில நீங்க நிஜமாவே காலி பண்ணிட்டு வந்துட்டா?"

அந்த நேரம் பார்த்து மைத்துனன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே நின்று ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும். முகத்தில் அதிர்ச்சியைத் தடவிக்கொண்டு வந்திருந்தான், கொஞ்சம் அதிகமாகவே தடவிவிட்டான்.

"என்ன மாமா இது! வாரியம் உங்களை வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கே. கஸ்டமர்கிட்ட வீட்டைப் பத்திப் பேசலாமா? ஐயோ, நாளை மறுநாள் மனு வருதே!"

"நேத்துக் காலையில எங்க ஆபீசுக்கு போன் பண்ணினது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"நானா? நீங்க... ஆபீசா? எந்த ஆபீஸ்? நீங்க வீடு வாங்க வந்தவங்கன்னுல்ல நினைச்சேன்!"

"அப்படி நினைச்சிருந்தா என்ன விலைக்குப் பார்க்கறீங்கன்னு கேட்டிருப்பீங்க. லோனா, கைக்காசான்னு கேட்டிருப்பீங்க. குறைஞ்சபட்சம் பேராவது கேட்டிருப்பீங்க. ஒண்ணுமே கேட்கல. ஏன்னா நாங்க வாங்க மாட்டோம்னு உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிசு, கஸ்டமரைத் தனியா மேல அனுப்பிட்டு நீங்க கீழ நின்னீங்க. தரகர் கஸ்டமரை பாத்ரூமுக்குக்கூடத் தனியா விட மாட்டார்."

"என் மாமியார் பென்ஷனைக் கேட்காதப்பவே எனக்கு லேசா சந்தேகம்" என்றான் ரேடியோ. அப்பட்டமான பொய்.

"மாமாவுக்கு உரிமம் திரும்பி வந்தா ஆபீசையும் நாற்காலியையும் திருப்பிக் கொடுக்கணும். அதனால அவரை வாயைத் திறக்க வைக்க எங்களைக் கூப்பிட்டீங்க. எப்படியும் வாரியம் வருது, சுவரையும் மறைச்சாகணும். ரெண்டு வேலையையும் அவர் கையாலேயே முடிச்சுடலாம்னு பார்த்தீங்க."

மைத்துனன் சுவரைப் பார்த்தான். நிறம் மாறினான். "அது... முன்னாடி குடியிருந்தவங்க கிறுக்கினது."

"இன்னும் ஒருத்தர்கூடக் குடி வந்ததில்லன்னு போன்ல சொன்னது யாரு? என் பாட்டனாரா?" என்றான் ரேடியோ.

பிடிபட்டவனுக்குக் கோபம் வந்தது. "சரி, இருக்கட்டும். கோர்ட்ல தண்டனை கொடுக்காம என் உரிமத்தைத் தொட முடியாது. சட்டம் எனக்கும் தெரியும். ஆனா மாமா கதை முடிஞ்சுது. வாயைத் திறந்தாரா இல்லையா? எழுதிக்கோங்க!"

"திறந்தாரு" என்றான் ரேடியோ. "வாங்காதேன்னு சொல்றதுக்குத் திறந்தாரு. எந்தத் தரகராவது அப்படிச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? உங்க பரம்பரையிலேயே யாராவது?"

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் துடித்தது. "உரிமத்தை எடுக்கத் தீர்ப்பு வேணும், வாஸ்தவம்தான். நிறுத்தி வைக்க இந்தச் சுவர் போதும். இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க தரகர் இல்லை. மோசடிப் புகார் இன்னைக்கே போலீசுக்குப் போகும். தீர்ப்பு வந்ததும் மிச்சத்தைப் பேசிக்கலாம்." கையை நீட்டினார். "சாவி."

விரலில் சுழன்ற சாவிக்கொத்து அந்தக் கையில் மெதுவாக வந்து விழுந்தது.

தேன்வாய் பிரஷ்ஷை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார். மைத்துனனைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உங்க அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன் மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

"அம்மா" என்றார் தேன்வாய், அதிகாரியைப் பார்த்து. "என் மனு?"

"முடிவு என் கையில இல்ல. ஆனா என்னைக் கேப்பாங்க. விற்கச் சொல்லி வழியெல்லாம் திறந்து விட்டும் விற்காத தரகரை இப்பதான் பார்த்தேன்னு சொல்லுவேன். கொடுக்கலாம்னும் சொல்லுவேன். மூணு பேர் உட்கார்ந்து முடிவெடுப்பாங்க, அதுல ஒருத்தர் ரொம்பக் கறார். சத்தியம் எல்லாம் பண்ண முடியாது."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அவரும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. பிறகு சுவரைக் காட்டினார். "முதல்ல இவங்களுக்குச் சொல்லணும்மா. மாசக் கடைசி நெருங்குது. காலி பண்றேன்னு சொல்லியிருந்தாங்கன்னா?"

அதிகாரி மைத்துனனின் போனை வாங்கி, தையல்கார அம்மாளின் எண்ணை அவனையே எடுக்க வைத்து, அழைப்பை அழுத்தி, தேன்வாயிடம் நீட்டினார். "நீங்களே பேசுங்க."

அவர் கையைப் பெயின்ட் துணியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்ததும் பின்னால் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க தம்பி, சாவி எப்ப தர்றீங்க? இங்க வீட்டு ஓனருக்கு நாளைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லாதீங்கம்மா" என்றார் தேன்வாய். "தயவு பண்ணி இருக்கிற வீட்டை விட்டுடாதீங்க. இந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பத்துகிட்டயும் அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. உங்களுக்கு வீடு வராது. வாரியத்துலேர்ந்து வந்திருக்காங்க, உங்க காசுக்கு அவங்க வழி சொல்லுவாங்க."

மெஷின் நின்றது.

"நீங்க யாரு பேசறது?"

தேன்வாய் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எந்தப் பதிலையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தரகர் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு உரிமை இல்லை. பெயின்டர் என்று சொன்னால் அந்த அம்மாள் நம்பப் போவதில்லை.

"இதே ஏமாத்து வேலையைப் பண்ணிட்டு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்மா நான்" என்றார் தேன்வாய்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"அப்ப நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.